பிரிட்சார்டும் ஹாலிஸும், 1958

தாவரவியல் துறையில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படிப்பவர்கள் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் என்று ஒன்று வர வேண்டும். அதில் நாற்பது பெயர்கள் இருக்க வேண்டும். முப்பத்தொன்பது இருந்தால் கட்டுரை திரும்பி வந்துவிடும். நாற்பத்தொன்று இருந்தால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வரும். அந்த நாற்பதையும் யாராவது படித்தார்களா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அக்காவின் தாவணி தங்கைக்கு வருகிற மாதிரி, பட்டியல் மூத்த வகுப்பிலிருந்து இளைய வகுப்புக்கு வருடா வருடம் வந்துகொண்டிருந்தது.

1986-ல் அது ரம்லத்தின் கைக்கு வந்தது. கொடுத்தவள் முந்தைய வருடம் படித்து முடித்த சீதாலக்ஷ்மி. சாயாக் கறை படிந்த இரண்டு டைப் தாள்கள்.

"முதல் பேரை மட்டும் மாத்திடாதே" என்றாள் சீதாலக்ஷ்மி. "மத்த முப்பத்தொன்பதும் உன் இஷ்டம். முதல்ல பிரிட்சார்டும் ஹாலிஸும் இல்லேன்னா ஸார் கையெழுத்துப் போட மாட்டார்."

"யாரு அவங்க?"

"யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரங்க. எல்லாரும் போட்டோம், நீயும் போடு."

ஸார் என்றால் பேராசிரியர் ராமபத்ரன். பாலக்காட்டுக்காரர். இந்தியாவில் சுக்கைப் பற்றி எழுதுகிற எவனும் தன்னைக் கேட்காமல் எழுத முடியாது என்று சொல்லிக்கொள்வார். அப்படிக் கேட்டு எழுதினவர் ஒருவரையும் யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். அவர் குரல் அப்படி.

ரம்லத்தின் ஆராய்ச்சியும் சுக்கைப் பற்றித்தான். அதற்கு அவள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் அவள் அத்தா முகமது இஸ்மாயில் எடைத் தராசில் நின்றார். அதே கிடங்கின் முற்றத்தில் அம்மா மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சுக்குப் பொறுக்கினாள். வெள்ளையாக இருந்தால் வெளிநாட்டில் விலை போகும் என்று சுக்குக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். அந்தச் சுண்ணாம்பில் கிடந்து கிடந்து அம்மாவின் விரல்நுனிகள் வெடித்துப்போயிருந்தன. படிப்பு வாய்க்காவிட்டால் தனக்கும் அந்த முற்றத்தில் ஓர் இடம் காத்திருக்கிறது என்பது ரம்லத்துக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வழி ஒன்று இருந்தது. வில்லிங்டன் தீவில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனி சொந்தமாகப் பரிசோதனைக் கூடம் திறக்கப் போகிறது, உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எம்.எஸ்ஸி. பட்டம் வேண்டும், பத்திரிகையில் அச்சான ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது வேண்டும். ரம்லத் நேரே ராமபத்ரனிடம் போய் நின்றாள்.

"ஒழுங்கா முடி, கொழந்தே" என்றார் அவர். "ஒன் பேரை முன்னாடி போட்டு, என் பேரைப் பின்னாடி போட்டு, நானே பத்திரிகைக்கு அனுப்பறேன். போறுமோ?"

அதைவிட வேறென்ன வேண்டும். ரம்லத் அன்றைக்கு ஓடிப்போய் மட்டாஞ்சேரிப் படகைப் பிடித்தாள்.

துறையில் ஒரு வேதவாக்கு உண்டு. சுக்கில் ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. ஆதாரம், பிரிட்சார்டும் ஹாலிஸும், 1958. ரம்லத் மழைக்காலம் முழுக்கக் கிடங்கிலிருந்து சுக்கு எடுத்து வந்து, எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட்டுப் பார்த்தாள். ஈரம் பன்னிரண்டுதான். ஆனால் சுண்ணாம்பைச் சுரண்டினால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் பன்னிரண்டுதான் வந்தது, பூஞ்சையும் வந்தது.

"சுண்ணாம்பு பூசினதுல உள்ளே பூக்கத்தானே செய்யும்" என்றாள் அம்மா. "இதுக்கா மூணு மாசமா ராப்பகலா எழுதுறே?"

அம்மாவுக்குத் தெரிந்தது லண்டனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ரம்லத் யோசித்தாள். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதியது தப்பாக இருக்காது. தன் கைதான் எங்கேயோ தப்புச் செய்கிறது. அவர்கள் சுக்கை எப்படி உலர்த்தினார்கள், எத்தனை நாள் வைத்தார்கள் என்று கட்டுரையைப் படித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகும். இவ்வளவுதான் அவள் நினைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கல்லூரி நூலகத்தில் கேட்டாள். அங்கே இருந்தவர் முதலில் தாளில் பிரிட்சார்டையும், பிறகு அவளையும் ஏற இறங்கப் பார்த்து, இதுவரை அதை யாரும் கேட்டதில்லை என்றார். எறணாகுளத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் கம்ப்யூட்டர் வைத்துத் தேடித் தருகிறார்களாம், அங்கே போ என்று அனுப்பினார்.

அங்கே கம்ப்யூட்டருக்குத் தனி அறை. ஏசி போட்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே போகுமுன் கையைத் துடைக்க ஒரு துண்டு. எந்திரத்துக்குப் பூப்போட்ட உறை, நெற்றியில் திறப்பு விழாவன்று வைத்த சந்தனமும் குங்குமமும். பக்கத்தில், சன்னிதியில் அர்ச்சகர் மாதிரி, அப்துல் நாசர். மட்டாஞ்சேரிக்குப் பக்கத்துச் சுள்ளிக்கல்காரன், வீட்டில் தமிழ். பெங்களூரில் ஆறு வாரம் பயிற்சி பெற்று வந்தவன். ரம்லத்தைவிட நாலு வயது மூத்தவனாக இருப்பான்.

"இதுல தேடினா உடனே வருமா, இக்கா?" என்று அண்ணன் முறை வைத்து ரம்லத் கேட்டாள்.

நாசர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இதுல தேட முடியாது. பெங்களூர்ல இருக்கிற பெரிய கம்ப்யூட்டரோட டெலிபோன் வழியாப் பேசணும். டெலிபோன் லைன் இன்னும் வரலை. அதனால பாரம் பூர்த்தி பண்ணித் தா, தபால்ல அனுப்பறேன். மூணு வாரத்துல பதில் வரும்."

"அப்போ இது எதுக்கு?"

"வி.ஐ.பி. வந்தா காட்டறதுக்கு."

பாரத்தில் ஒரு பெரிய கட்டம். 'தேட வேண்டியது' என்று மேலே அச்சடித்திருந்தது. ரம்லத் பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ பாரம் பூர்த்தி செய்தவள். உதவித்தொகைக்கு, பஸ் சலுகைக்கு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க. பாரம் என்றால் எப்படி எழுதுவது என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அவளும் முறைப்படி ஆங்கிலத்தில் எழுதினாள். மதிப்பிற்குரிய ஐயா, நான் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகள், சுக்கில் பூஞ்சை பற்றிப் படித்து வருகிறேன், தாங்கள் கருணை கூர்ந்து பிரிட்சார்டும் ஹாலிஸும் எழுதிய கட்டுரையைத் தேடித் தந்தால் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த. நாசர் வாங்கிப் படித்தான். நன்றாக இருக்கிறது என்றான். அவனுடைய ஆறு வாரப் பயிற்சியில் நாலு வாரம் காய்ச்சலில் கிடந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு ஓரமும் துளை போட்ட நீளத் தாள். நடுவில் ஒரே வரி. கிடைத்தவை: பூஜ்யம். கீழே அங்கே உள்ள யாரோ புண்ணியவான் பேனாவால் எழுதியிருந்தார்: இதில் உள்ள சொற்கள் அத்தனையும் சேர்ந்து வரும் கட்டுரை உலகத்தில் இல்லை.

"எந்திரம் மனு வாங்காதுன்னு தோணுது" என்றான் நாசர்.

இரண்டாம் முறை இரண்டு பேரும் கூடி யோசித்து, ஒரே சொல் எழுதினார்கள். இஞ்சி. இந்த முறை தபாலில் கடிதம் வரவில்லை, பொட்டலம் வந்தது. பிரித்தால், உலகத்தில் இஞ்சி என்று யாரெல்லாம் எழுதினார்களோ அத்தனையும் இருந்தது. இஞ்சி சாராயம், இஞ்சி பிஸ்கட், குதிரைக்கு வயிற்று வலி வந்தால் இஞ்சி. தாளை நாசர் ஒரு முனையைப் பிடிக்க, ரம்லத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போனாள். ஒரு புடவை தாராளமாகக் காணும். பிரிட்சார்டு அதில் எங்கும் தட்டுப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. கேட்டதைத்தான் அது தரும். கேட்பவளின் மனசில் இருப்பது அதற்குத் தெரியாது. கெஞ்சினாலும் தெரியாது. இதுவும் வேண்டும் அதுவும் வேண்டும் என்று இரண்டு சொல்லைக் கட்டினால் கூட்டம் குறைகிறது. இது அல்லது அது என்றால் கூட்டம் கூடுகிறது. சுக்குக்கு அங்கே லத்தீனில் ஒரு பெயர், பூஞ்சைக்கு நாலு பெயர். மூன்றாம் பாரத்தில் அத்தனையையும் அளந்து எழுதி அனுப்பினாள். முப்பத்தாறு கட்டுரைகள் வந்தன. முப்பத்தாறும் சுக்கில் பூஞ்சை பற்றியவை. ரம்லத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீன் கழுவுகிற தண்ணீரில் விழுந்த மூக்குத்தியைத் துழாவி எடுத்த சந்தோஷம்.

ஆனால் அந்த முப்பத்தாறிலும் பிரிட்சார்டும் ஹாலிஸும் இல்லை.

கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் எழுபதுக்குப் பிறகு வந்தவை, பழையதற்குப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றான் நாசர். மாடியில் கட்டுரைச் சுருக்கங்களின் தொகுதிகள் வருட வாரியாக அடுக்கியிருந்தன. வருடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒவ்வொன்றின் கடைசியிலும் எழுதியவர் பெயர் வரிசை. 1958-ஐ எடுத்தாள். பிரிட்சார்டு இல்லை. அச்சாகத் தாமதமாகியிருக்கும் என்று 59, முந்திவிட்டதோ என்று 57. ஹாலிஸ் என்று ஒருவர் அகப்பட்டார். அவர் நியூசிலாந்தில் ஆட்டுக் குளம்பைப் பற்றி எழுதியிருந்தார்.

கடைசியில் பத்திரிகையையே பிடிக்கலாம் என்று போனாள். பட்டியலில் போட்டிருந்தது: வெப்பமண்டலச் சரக்குகள் ஆய்விதழ், பன்னிரண்டாம் தொகுதி. நூலகத்தின் கார்டுப் பெட்டியில் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு இருந்தது. கார்டில் நாசருக்கு முன்னே யாரோ பச்சை மசியில் எழுதியிருந்தார்கள்: ஒன்பதாம் தொகுதியோடு நின்றுபோனது, 1949.

"பத்திரிகை செத்து ஒம்பது வருஷம் கழிச்சு எழுதியிருக்காங்க" என்றாள் ரம்லத்.

நாசர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பின்னே பதினாலு சதவீதம்னு யாரு சொன்னது?"

அதுதானே. மறுநாள் துறையின் பீரோவைத் திறந்து பழைய மாணவர்களின் கட்டுரைகளை வெளியே எடுத்தாள். சீதாலக்ஷ்மியினுடையதில் பக்கம் 112 முதல் 181 வரை. அதற்கு முந்தைய வருடத்துப் பையன் 112 முதல் 118 வரை என்று போட்டிருந்தான். அதற்கும் முன்னால் போனால் ஹாலிஸின் பெயருக்கு முன்னால் இன்னோர் இனிஷியல் இருந்தது. இன்னும் முன்னால், பிரிட்சார்டு தனியாகவே இருந்தார், துணைக்கு ஆளில்லை. பதினான்கு வருடம், இருபத்தாறு கட்டுரைகள், இருபத்தாறிலும் முதல் பெயர். பீரோவின் அடித்தட்டில், கரையான் ஒரு மூலையைத் தின்ற பழைய பைண்டு ஒன்று கிடந்தது. 1971. அதிலும் பிரிட்சார்டு இருந்தார். ஆனால் முதலில் இல்லை. நாற்பதாவதாக, கடைசி வரியில், வேறு டைப் மெஷினில் அடித்த எழுத்தில் இருந்தார். அட்டையில் பெயர்: ராமபத்ரன்.

ரம்லத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. பயம்தான் தங்கியது. முப்பத்தொன்பது இருந்தால் கட்டுரை திரும்பி வரும் என்ற விதி அப்போதும் இருந்திருக்கிறது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மா போய் ஸாரிடமே கேட்டுவிடுவாள். மூன்றாம் நாள் ராமபத்ரனின் அறைக்குள் போய், ஸார் அந்தக் கட்டுரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை, பத்திரிகையே 49-ல் நின்றுவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

ராமபத்ரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கெடைக்கலேன்னா இல்லேன்னு அர்த்தமோ?" என்றார். "நோக்குத் தேடத் தெரியலேன்னும் அர்த்தம் இருக்கலாமே. இருபத்தாறு பேர் போட்டிருக்கா. இருபத்தாறு பேரும் முட்டாளோ?"

"ஸார் எங்கே பாத்தீங்க அதை?"

"நான் அப்போ எத்தனையோ படிச்சேன். ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சிருந்தேன். எங்கே பாத்தேன்னு ஓர்மையில்லே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகம் இருந்தது, ஆனால் ஒரு நிமிஷம்தான். திரும்பும்போது மலர்ந்திருந்தது. "ஒன் சுக்குல என்ன வந்தது சொன்னே?"

"பன்னெண்டுலயே பூஞ்சை வருது ஸார். பதினாலு தப்பு."

"அது பெரிய விஷயம் இல்லையோ? பிரிட்சார்டும் ஹாலிஸும் சொன்னது தப்புன்னு ஒரு கொச்சிக்காரப் பொண்ணு நிரூபிச்சிருக்கா. அந்தப் பேப்பரே இல்லேன்னு நீ எழுதினா அப்புறம் யாரைத் தப்புன்னு சொல்லுவே? எதிரி இருந்தாத்தானே ஜெயிச்சதுன்னு பேரு." மேஜையின் மேல் விரலால் தட்டினார். "முதல் ரெஃபரன்ஸ் அப்படியே இருக்கட்டும். பன்னெண்டும் இருக்கட்டும். நான் சொன்ன வாக்குத் தப்ப மாட்டேன். ஒன் பேர் முன்னாடி."

ரம்லத் யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டமும் அச்சான கட்டுரையும் இல்லாவிட்டால் வில்லிங்டன் தீவு இல்லை. ஊரோடு ஒத்துப் போவது என்று வீட்டுக்கு வரும் படகிலேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நூலைக் கண்ணால் பார்க்காமல் பிறர் சொன்னதை வைத்து எழுதினால், 'மூலம் பார்க்கப்படவில்லை' என்று பக்கத்தில் குறித்துவிடலாம். முதல் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் அதைப் போட்டாள். ராமபத்ரன் அதுவரை எந்த மாணவரின் பட்டியலையும் எண்ணியதுண்டே தவிரப் படித்ததில்லை. எண்ணிப் பார்த்தார், நாற்பது இருந்தது, கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் மதுரைக்காரர், அழகர். சுக்கு, மிளகு, மஞ்சள் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரம்லத்தின் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். கண்டுபிடித்துவிட்டார் என்று ரம்லத் நினைத்தாள். பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் எழுந்தது.

"மூலம் பார்க்கப்படவில்லைன்னு போட்டிருக்கியேம்மா" என்றார் அழகர். "இவ்வளவு முக்கியமான கட்டுரையைப் பாக்காம இருக்கலாமா?"

"எங்கேயும் கிடைக்கலை ஸார்."

"கிடைக்காம என்ன. நான் படிக்கிற காலத்திலயே பாத்திருக்கேன். பச்சை அட்டை. நூத்துப் பதினாலாம் பக்கத்துல ஒரு படம் இருக்கும், சுக்கைக் குறுக்கா வெட்டின மாதிரி. இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது."

ராமபத்ரன் அழகரைப் பார்த்தார். அழகர் ராமபத்ரனைப் பார்த்தார். "நல்ல படம் அது" என்றார் ராமபத்ரன்.

முதல் வகுப்பில் தேறினாள். வீட்டில் அத்தா அல்வா வாங்கி வந்தார். கட்டுரை பத்திரிகைக்குப் போயாயிற்று, வரும், வந்துகொண்டே இருக்கிறது என்று ராமபத்ரன் எட்டு மாதம் சொன்னார். அந்த எட்டு மாதமும் ரம்லத் அம்மாவுக்குப் பக்கத்தில் முற்றத்தில் உட்கார்ந்து சுக்குப் பொறுக்கினாள். வீட்டில் சும்மா இருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம். சும்மா இருக்க முடியவில்லை என்பது இன்னொன்று.

88 ஜனவரியில் கம்பெனி விளம்பரம் வந்தது. நேர்முகத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. ரம்லத் ராமபத்ரனிடம் போகவில்லை, நாசரிடம் போனாள். இந்த முறை பாரம் எழுத அவளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதியவர் பெயர்: ரம்லத், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடும் இல்லாமலும், இரண்டு விதமாக. அதற்குக் கீழே தனியாக, சுக்கு, பூஞ்சை, சுண்ணாம்பு, மூன்றும் சேர்ந்து.

பதில் வந்த அன்று நாசர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, முதலில் ஒரு சாயா குடிக்கலாம் வா என்றான். அவன் அப்படிச் சொன்னதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரம்லத் என்ற பெயரில்: பூஜ்யம். சுக்கு, பூஞ்சை, சுண்ணாம்பு: ஒன்று. எழுதியவர்கள் ராமபத்ரன், அழகர். கீழே கட்டுரைச் சுருக்கம்: சுக்கில் பதினாலு சதவீத ஈரம் வரை பூஞ்சை பிடிக்காது என்ற பிரிட்சார்டு, ஹாலிஸ் இருவரின் புகழ்பெற்ற முடிவு தவறு, பன்னிரண்டிலேயே பிடிக்கிறது என்று மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நாங்கள் நடத்திய சோதனைகள் காட்டுகின்றன. நாங்கள் நடத்திய. ராமபத்ரனுக்குச் சுக்கு என்றால் தும்மல் வரும். கிடங்கு வாசலில்கூட அவர் கால் வைத்ததில்லை.

ரம்லத் அழுதாள். நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். பத்திரிகை இதழை நாசர் மாடியிலிருந்து தேடி எடுத்து வந்து காட்டினான். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு வரி இருந்தது: சுக்குச் சேகரித்துத் தந்த மாணவிக்கு.

"இல்லாத ரெண்டு பேரு கம்ப்யூட்டர்ல ஏறிட்டாங்க" என்றான் நாசர். வாங்கி வந்திருந்த சாயாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். சாயா ஆறிப்போயிற்று.

நேர்முகத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். அம்மாதான் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். வெடித்த விரல்களால் அந்த மடிப்பை அவள் நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் போகாமல் இருக்க முடியவில்லை.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வைத்தீஸ்வரன், கம்பெனியின் தலைவர். ஏழெட்டு வருடம் லண்டனில் வியாபாரம் பார்த்துவிட்டு வந்தவர். அவள் வீட்டில் தமிழ் என்று விண்ணப்பத்தில் பார்த்துத் தமிழிலேயே பேசினார். மார்க்கைப் பார்த்தார், தலையாட்டினார்.

"அச்சான கட்டுரை உண்டா?" என்று இடதுபக்கம் இருந்தவர் கேட்டார்.

ரம்லத் துளை போட்ட தாளை மேஜையில் வைத்தாள்.

"இதுல உன் பேரு எங்கே?"

"இல்லை ஸார். வேலை முழுக்க நான் செஞ்சது. பேரு அவங்க போட்டுக்கிட்டாங்க."

அவர் சிரித்தார். "காலையிலேர்ந்து நீ மூணாவது ஆளு இதைச் சொல்றது" என்று சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று ரம்லத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

வைத்தீஸ்வரன் தாளைக் கையில் எடுத்துச் சுருக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"பிரிட்சார்டு சொன்னது தப்புன்னு போட்டிருக்கே. யாரு இவாள்லாம் தப்புன்னு சொல்றதுக்கு? பிரிட்சார்டை எனக்கு நன்னாத் தெரியும். லண்டன்ல இருந்தப்போ அவர் ஆபீஸ்ல உக்காந்து டீ குடிச்சிருக்கேன். ஒரு கமா தப்பா வந்தாக்கூடத் தூங்க மாட்டார் அந்த மனுஷன்."

ரம்லத் அவரைப் பார்த்தாள். பச்சை அட்டையைப் பார்த்தவர் ஒருவர், துண்டுச் சீட்டில் குறித்தவர் ஒருவர், இப்போது டீ குடித்தவர். இத்தனை நாளும் இந்த மாதிரி ஆட்களைக் கண்டா நடுங்கினோம் என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. வெட்கம்கூட விட்டுப்போயிற்று. எழுந்தவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார் ஸார்" என்றாள்.

"யாரு?"

"பிரிட்சார்டு ஸார். எனக்கு லெட்டர் போட்டிருந்தார்."

இடதுபக்கக்காரர் அடுத்த விண்ணப்பத்தைக் கீழே வைத்தார்.

"உனக்கா? ராமபத்ரனுக்குப் போடலையா?" என்று கேட்டார்.

"வேலை யாரு செஞ்சதுன்னு அவருக்குத் தெரியும் ஸார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தீஸ்வரன் மேஜை மேல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். குரல் தாழ்ந்தது, இத்தனை நேரம் இருந்த தோரணை குறைந்து, ஏதோ கேட்கக் கூச்சப்படுகிறவர் மாதிரி இருந்தார்.

"அதுல கொச்சியைப் பத்தி ஏதாவது இருந்ததோ? பழைய மனுஷாளைப் பத்தி?"

"உங்களைக் கேட்டிருந்தார் ஸார். சௌக்கியமா இருக்காரான்னு."

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். "பாத்தேளா, ஞாபகம் வச்சிண்டிருக்கார்" என்றார். பிறகு ரம்லத்திடம், எந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வர முடியும் என்று கேட்டார்.

"நாளைக்கே வர்றேன் ஸார்."

"பதில் எழுதறச்சே என் நமஸ்காரத்தையும் சொல்லு."

"சொல்றேன் ஸார்" என்றாள் ரம்லத்.